நூற்றுப் பத்தில் ஒரு குசினி

அந்த அக்காவின் குசினிக்குள், அதாவது அடுப்படிக்குள், நான் மணிக்கு நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து அதே வேகத்தில் வெளியேறியிருக்கிறேன். ஒருநாள் கூத்தல்ல. வார விடுமுறையான வெள்ளிக்கிழமையும் பொது விடுமுறையும் நீங்கலாகச் சில வருடங்கள் இதுதான் நடந்தது. நுழைவதற்கு முன் சப்பாத்தைக் கழற்றியிருக்கிறேன். உள்ளே இருக்கும்போது ஒரு முறுக்காவது தின்றிருக்கிறேன். கடைசிக் கடி தொண்டையில் இறங்குவதற்குள் குசினி பின்னால் போய்விடும். திரும்பிப் பார்த்தால் சாலையும் அதன் மேல் படுத்துக் கிடக்கும் பனியும்தான் தெரியும்.

பெயரைச் சொல்ல மாட்டேன். அக்கா சௌக்கியமாக இருக்கிறார், கையில் போனும் இருக்கிறது. படித்துவிட்டு அழைத்தால் எடுக்கிற தைரியம் எனக்கு இல்லை.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு மருந்துக் கிடங்கில். சுங்கைப் பட்டாணியில் இருந்த கிடங்கை முதலாளி அலோர் ஸ்டாருக்கு மாற்றினார். அங்கே வர முடிந்தவர்கள் வரலாம், முடியாதவர்களுக்கு வாழ்த்துகள் என்றார். பாக்கார் ஆராங்கில் என் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி அக்காவின் வீடு. சரக்குப் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வை. “என் காடியிலயே வா தம்பி, பெட்ரோலுக்கு ஏதாச்சும் போடு” என்றார். அதே கிடங்கில் வேலை பார்த்த மலாய்க்காரன் ஃபைசால் செமிலிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, அதை அக்கா வீட்டு வாசலில் போட்டுவிட்டு எங்களோடு ஏறிக்கொள்வான். அக்கா ஓட்டுவார், ஃபைசால் பக்கத்தில், நான் பின்னால். ஆட்டோ கியர் காடி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் பிரச்சினை வேறு. நெடுஞ்சாலையில் திரும்ப முடியாது.

மற்றவர்களுக்கு இது ஒரு செய்தி. எனக்கு நோய். பழைய ரோட்டில் எனக்கு ஒன்றும் ஆகாது. பீடோங், குரூண் என்று ஊர் ஊராக நின்று விசாரித்துக்கொண்டு போகிற ரோடு அது. பயம் வந்தால் ஒரு கடையோரம் நிறுத்தி, தே தாரிக் டீ ஒன்று சொல்லி, பயத்துக்கும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம். நெடுஞ்சாலை அப்படியா? டோல் சாவடியில் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டால் இரண்டு பக்கமும் வேலி. அடுத்த வாசல் எங்கேயோ. நடுவில் மனசு மாறினால் மாறியபடியே போக வேண்டியதுதான். முதல் வாரமே சுங்கைப் பட்டாணி டோலைத் தாண்டியதும் என் நெஞ்சு தனியாக ஓட ஆரம்பித்தது. உள்ளங்கை வேர்த்தது, நாக்கு மரத்தது. சட்டைப் பையிலிருந்த தைலத்தை எடுத்து மூக்கில் தேய்ப்பதாக நினைத்துக் கண்ணில் தேய்த்துக்கொண்டேன்.

“அக்கா, நான் இங்கயே எறங்கிக்கிறேன்.”

“எறங்கி?”

“நடந்து போறேன்.”

“எங்க, தாய்லாந்துக்கா?”

ஃபைசால் பதறிப்போய் ஜன்னலைத் திறந்தான். சாகப் போகிறேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. சாகிறவன் பெரிதாக எதையாவது நினைப்பான் என்பார்கள். நான் நினைத்தது, தைலப் புட்டியின் மூடியைக் காணோமே என்று.

அப்போதுதான் அக்கா ஒரு முறை, ஒரே முறை, மெல்ல ஹார்ன் அடித்தார். முன்னால் வண்டி எதுவும் இல்லை. சாலை சற்றே மேடேறி இறங்கியது. அடியில் தோட்டத்து மக்களுக்காகக் கட்டிய சுரங்கவழி. அதைத் தாண்டியதும் இடது பக்கம் செம்பனைகளுக்கு நடுவே ஒற்றையாக ஒரு பழைய பலா மரம். அதற்கும் பின்னால் ஜெராய் மலை, இடுப்புவரை மேகத்தைக் கட்டிக்கொண்டு.

“வாங்க, உள்ள வாங்க. இதான் எங்க குசினி. பசியாறிட்டுப் போங்க” என்றார் அக்கா.

ஒரு கையால் பிஸ்கட் டின் ஒன்றைப் பின்னால் நீட்டினார். உள்ளே முறுக்கு. நான் அழுதுகொண்டே கடித்தேன். அழுகை தைலத்தால் என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன். இரண்டாவது கடியில் நெஞ்சு என்னிடம் திரும்பி வந்தது. ஒரு வீட்டுக்குள் இருப்பவனுக்கு, அது எவ்வளவு வேகமாகப் போகிற வீடாக இருந்தாலும், மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணம் வருவதில்லை போலும்.

அக்கா பிறந்தது அங்கே இருந்த ரப்பர் தோட்டத்தில். சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஆட்கள் வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு நடுவே சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்களாம். பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடினார்கள். பிறகு மண்வாரி வந்தது, பிறகு லாரி வந்தது, தட்டுமுட்டுச் சாமான் லாரியில் ஏறியது. அந்தப் பெரிய ரோட்டை அரசாங்கம் தானே போடாமல் கம்பெனிக்குக் கொடுத்தது. கம்பெனி போட்டது, போட்ட காசை டோலில் எடுத்துக்கொண்டது. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் நஷ்டஈடு தோட்டத்துக்குப் போனது. லயத்தில் இருந்தவர்களுக்கு லாரி வாடகை மிச்சம்.

இதையெல்லாம் அக்கா அழுது சொல்லிக் கேட்டதில்லை. அவருக்கு ரோடு பிடிக்கும். “ரோடு இல்லன்னா நான் இந்நேரம் எங்க இருந்திருப்பேன்? இந்த ரோட்டுலதான் பஸ் ஏறி பினாங்குக்குப் படிக்கப் போனேன். இந்த ரோட்டுலதான் வேலைக்குப் போறேன். நான் குசினியக் குடுத்தேன், அது ரோட்டக் குடுத்துச்சு. சரியாப் போச்சு” என்பார். சொல்லும்போது பண்டமாற்றில் ஜெயித்தவரின் முகம்.

டோல் கட்டணம் ஏறும்போதெல்லாம் கிடங்கே கொதிக்கும். தேர்தல் வந்தால் டோலை எடுப்போம் என்பார்கள், தேர்தல் போனால் டோல் இருக்கும். அக்கா மட்டும் சிரிப்பார். “நாட்டுலயே தன் வீட்டுக் குசினிக்குள்ள போறதுக்குக் காசு கட்டுற பொம்பள நான் ஒருத்திதான்லா.”

சப்பாத்து கழற்றுகிற பழக்கத்தைத் தொடங்கியவன் ஃபைசால். அக்கா சொல்வதை முதல் நாள் நான் மொழிபெயர்த்ததும் அவன் ஒன்றும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் ஹார்ன் அடிக்கும் முன்பே குனிந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தான். “வீட்டுக்குள்ள போறோம் இல்லையா?” என்று மலாயில் கேட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, நானும் கழற்றினேன். என் காலுறையில் ஓட்டை இருந்ததால் வெட்கம் இரட்டிப்பானது. நோன்பு மாதத்தில் அவன் சாப்பிட மாட்டான். வீட்டுக்கு வந்தவன் வெறும் வாயோடு போகக்கூடாது என்பது அக்காவின் சட்டம். இரண்டுக்கும் சண்டை வராமல், அவன் பங்கைத் தாளில் மடித்து அவன் மடியில் வைப்பார். “சாயங்காலம் பொழுது சாஞ்சதும் சாப்புடு. நீ எங்க இருந்தாலும் எங்க வீட்டுல சாப்ட்ட கணக்குதான்.”

அக்கா மட்டும் செருப்பைக் கழற்ற மாட்டார். ஒருமுறை கேட்டேன். “என் வீட்டுக்குள்ள நான் எப்படி வேணும்னாலும் வருவேன், நீ யாரு கேக்க?” என்றார்.

சரி, ஹார்ன் எதற்கு? தோட்டத்தில் கதவு எப்போதும் திறந்தே கிடக்குமாம். அதனால் வெளியிலிருந்து குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைவார்களாம். “உள்ள அம்மா எந்தக் கோலத்துல இருக்கோ, யாருக்குத் தெரியும்?” என்பார் அக்கா. அவருடைய அம்மா காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

வேறு எதிலும் அவர் கனவு காண்கிறவர் அல்ல. கிடங்கில் ஒரு பெட்டி குறைந்தால் மூன்று பேரின் ரத்தத்தைக் குடிப்பார். வீட்டு வாசலில் கார் நிறுத்துகிறவர்களோடு சண்டை போடுவார். அந்த மேட்டில் மட்டும் அவர் குரல் தூக்கத்தில் பேசுகிறவர் குரல் போல ஆகிவிடும். எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. விடிகாலைப் பனியில் செம்பனை வரிசைகள் கதவு கதவாகத் திறந்து மூடும். எதிரே வருகிற லாரி விளக்குகளை யாரோ அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். காடிக்குள் புகை வாசம் வருவதாகக்கூட ஒருநாள் ஃபைசால் சொன்னான். வந்தது எங்கள் காடியின் எஞ்சினிலிருந்து. அது வேறு கதை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் குழப்பம் விளைவித்தது, அக்காவின் அக்கா.

பெரியக்கா தைப்பிங்கிலிருந்து வந்திருந்தார். அலோர் ஸ்டாரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று எங்களோடு ஏறினார். ஃபைசால் அவருக்கு முன்னிருக்கையைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். டோல் தாண்டியது. நாங்கள் குனிந்து சப்பாத்தைக் கழற்றினோம்.

“இந்தப் பையனுங்க என்னடி பண்றானுங்க?”

“பேசாம வா.” மேடு வந்தது. அக்கா ஹார்ன் அடித்தார். “வாங்க, உள்ள வாங்க. இதான் எங்க குசினி.”

எங்களுக்குப் பிறகு தன் மடிக்கு வந்த டின்னைப் பெரியக்கா திறக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தார், தங்கையைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

“எது குசினி?”

“இதான். டனல் தாண்டி, பலா மரத்துக்கு நேரா.”

“அடிப் பைத்தியமே, இது தோட்டத்து ஆபீஸ் கிராணியோட மாட்டுக் கொட்டாய்டி!”

காடி ஒரு நொடி கோட்டை மிதித்துவிட்டு நேரானது. பெரியக்கா பதினாறு வயதிலேயே அந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவர். அக்கா அப்போது சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிற வயசு. பெரியக்காவின் வாயை அடைக்க வழியில்லை. “மாடு போறதுக்குத்தானடி டனலே போட்டான்? மாட்டுக் கொட்டாய் இருக்குற எடத்துலதான போடுவான்? நம்ம வீடு அதோ, அங்க. வேலிக்கு அந்தப் பக்கம், மேட்டு மேல. செவப்புக் கூரை வீடுங்க தெரியுது பாரு, அங்க.”

நான் வாயிலிருந்த முறுக்கை மெல்வதை நிறுத்தினேன். இத்தனை வருடங்களாகத் தினமும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அசைபோட்டிருக்கிறோம். சொன்னால் அக்கா சிரிப்பார் என்று வாயைத் திறக்கப் போனேன். இதற்குள் தமிழ் பிடிபட்டுவிட்ட ஃபைசால் என் காலை மிதித்தான். வெறுங்கால், வலிக்கவில்லை. ஆனால் புரிந்தது.

“அப்ப ரோடு நம்ம வீட்ட எடுக்கலியா?” என்று அக்கா கேட்டார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

“ரோடு எங்கடி எடுத்துச்சு? அது நம்ம வீட்டத் தொடவே இல்ல. ரோடு வருதுன்னதும் சுத்துப்பட்டு நெலமெல்லாம் வெல ஏறிப்போச்சு. தோட்டத்து மொதலாளி மிச்சத்த வீடு கட்டுறவன்கிட்ட வித்துட்டான். நம்மளக் கெளம்புன்னுட்டான்.”

“அம்மா ரோடுன்னுதான சொன்னிச்சு? நாட்டுக்கு ரோடு வருது, நம்ம வீட்டக் குடுத்துட்டோம்னு சொல்லிச்சே?”

பெரியக்கா டின்னின் மூடியைத் தடவினார். பிறகு தணிந்த குரலில், “உனக்கு வேற என்ன சொல்றது? நீ சின்னப் புள்ள. குடுத்துட்டோம்னா கொஞ்சம் கௌரவமா இருக்குல்ல?” என்றார்.

அதற்குப் பிறகு அலோர் ஸ்டார் வரை டின் பெரியக்காவின் மடியில் மூடியே இருந்தது.

மறுநாள் அக்கா டோல் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பழைய ரோட்டைப் பிடித்தார். நான் உள்ளுக்குள் கொண்டாடினேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். பயமில்லை, தைலமில்லை, போகிற வழியெல்லாம் கடைகள். ஒரு பெண்மணி தன் வீட்டை இரண்டாவது முறையாக இழந்திருக்கிறார். பின்னிருக்கையில் ஒருவன் ஹாயாக நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்.

அந்த ரோட்டில் ஒருநாள், பள்ளிக்கூடப் பேருந்துக்குப் பின்னால் நகராமல் நின்றபோது, அக்கா சொன்னார். “இந்த ரோடு எல்லாரு வாசல்லயும் நின்னு போவுது தம்பி. அந்தப் பெரிய ரோடு யாரு வாசலையும் பாக்கறதில்ல. பாக்கலன்னாலும் பரவால்ல, என் குசினிய மட்டும் அதுக்குத் தெரியும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். இப்ப அந்த ரோட்டுல நான் யாரு? டோல் கட்டுறவ, அவ்வளவுதான்.” அவர் பண்டமாற்று உடைந்துபோனது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொடுத்ததாக நினைத்ததை அவர் கொடுக்கவேயில்லை. வேறு யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.

பழைய ரோட்டில் போனால் தினமும் தாமதம். மேலாளர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். இன்னொரு முறை பிந்தினால், சுங்கைப் பட்டாணியிலேயே வேறு வேலை பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் வசதி என்றார், மிக மரியாதையாக. எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, ஃபைசாலுக்குப் பிறக்கப் போகிற பிள்ளை இருந்தது. அக்கா மறுநாள் டோல் பக்கம் திரும்பினார்.

திரும்பினார், அவ்வளவுதான். மேடு வந்தது, ஹார்ன் இல்லை. பலா மரம் வந்தது, “வாங்க” இல்லை. டின் வீட்டிலேயே தங்கிவிட்டது. அக்கா நேராக முன்னால் பார்த்தபடி ஓட்டினார், ஏதோ கடன்காரன் வீட்டைத் தாண்டுகிறவர் போல. ஃபைசால் மட்டும் தினமும் அதே இடத்தில் சப்பாத்தைக் கழற்றினான், அதே இடத்தில் மாட்டிக்கொண்டான்.

என் நெஞ்சு பழையபடி தன் வேலையைத் தொடங்கியது. இம்முறை இன்னும் மோசம், ஏனென்றால் எங்கே ஒதுங்கலாம் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்த இடம் பூட்டிக் கிடந்தது. இரண்டு நாள் தைலத்தில் ஓட்டினேன். மூன்றாம் நாள் டோலைத் தாண்டும்போதே கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். வேலை போனால் போகட்டும், இந்த வேலியை ஏறிக் குதித்தாவது வீட்டுக்குப் போய்விடுவது என்று தீர்மானம். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் நாற்காலியில் ஏறி பல்பு மாற்றவே ஆள் பிடிப்பவன்.

மேடு தெரிந்தது. பனிக்குள்ளிருந்து பலா மரத்தின் தலை மட்டும் மெல்ல மேலே வந்தது. அப்போது என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. அக்காவின் மேல் இருந்த அன்பால் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் பயத்தால்.

“அக்கா, ஹார்ன் அடிங்க!”

“யாரு வீட்டுக்கு?”

“என் வீட்டுக்கு.”

“உனக்கு ஏதுடா இங்க வீடு?”

“உங்களுக்கு மட்டும் இருந்துச்சா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று கேட்டது. ஃபைசால் கண்ணை மூடிக்கொண்டான். சாலையோரத்தில் இறக்கிவிடப்படுவேன், ஆசைப்பட்டபடியே நடந்து போவேன் என்று நினைத்தேன். நாக்கு வறண்டிருந்தாலும் பேச்சு நிற்கவில்லை. “மாட்டுக் கொட்டாய் சும்மாதான் கெடக்குது. கிராணியும் போய்ட்டாரு, மாடும் போயிருச்சு. நான் எடுத்துக்கிட்டேன். டோல் நானுந்தான கட்டுறேன்? வாங்கக்கா. உள்ள வாங்க. இதான் எங்க குசினி.”

காடி மேடேறிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். வேர்வை ஒழுகுகிற முகத்தை, கைப்பிடியை இறுக்கியிருந்த கையை எல்லாம் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் மேட்டின் உச்சியில், ஒரே ஒரு முறை, மெல்ல ஹார்ன் அடித்தார்.

வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாதே. பைகளைத் துழாவினேன். கால்சட்டையின் பின் பையில் எப்போதோ வாங்கிய ஒரு கச்சாங் பூத்தே பொட்டலம் கிடைத்தது. அதன் மேல் நான் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்ததால் கடலையெல்லாம் நொறுங்கி மாவாகியிருந்தது. பிரித்து நீட்டினேன். அக்கா பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினார். உள்ளங்கையில் கொட்டினேன். வாயில் போட்டு மென்றார்.

“உப்பே இல்ல” என்றார். இன்னும் கொஞ்சம் மென்றார். “வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்காத வீடு. ஒன் பொண்டாட்டிகிட்டச் சொல்றேன், இரு.”

என் நெஞ்சு இறங்கி வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது.

இப்போது அந்தச் சாலையில் நானே ஓட்டுகிறேன். அக்கா ஓய்வு பெற்று மகனோடு கிள்ளான் பக்கம் போய்விட்டார். டோலில் அட்டை வாங்குவது போய், காசு போய், கண்ணாடியில் ஒட்டிய வில்லையைப் பார்த்துக் கம்பி தானே எழுகிறது. ரோட்டை இன்னும் அகலமாக்கப் போகிறார்களாம். பலா மரம் நிற்குமா என்று தெரியவில்லை. மேட்டில் ஹார்ன் அடிக்கிறேன். கூட வருகிற பொடியன்கள் ஏன் என்று கேட்டால், “சப்பாத்தக் கழட்டு, சொல்றேன்” என்கிறேன்.

ஆனால் அவர்களிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அன்றைக்கு அந்தக் கடலைத் தூளை வாங்கிக்கொள்வதற்கு முன், முன்னிருக்கைக்கு அடியில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. ஃபைசாலும் நானும் எட்டிப் பார்த்தோம். அக்காவின் வலது கால் எண்ணெய்ப் பெடலை மிதித்திருந்தது. வேலையில்லாமல் இருந்த இடது காலால் அக்கா செருப்பைத் தள்ளிக் கழற்றி, ஓரமாக ஒதுக்கிவைத்திருந்தார்.